அம்மாவின் பட்டில் ஒட்டுப்போர்வை: இஸ்திரியை எப்போது வைப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது?

ஆரணியிலிருந்து ஓர் அக்கா நீளமான வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். விஷயம் அவருடைய அம்மாவின் முகூர்த்தப் பட்டு. பீரோவில் வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்ததில், மடிப்புக் கோடு போன இடமெல்லாம் விண்டுவிட்டது. தெருவில் பழைய பட்டுப்புடவை வாங்க வருபவர் ஜரிகைக்கு மட்டும் ஒரு விலை சொல்லியிருக்கிறார். பட்டை எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள் என்பது நெசவு ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? கொடுக்க மனம் வரவில்லை. மூன்று மகள்கள், இருப்பதோ ஒரே புடவை. வெட்டித் துண்டுகளாக்கி ஆளுக்கொரு சின்ன குவில்ட் தைத்துக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

முகூர்த்தப் புடவையில் கத்தரி வைக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்ததை எப்படியோ சமாளித்துவிட்டாராம் அக்கா. சமாளிக்க முடியாமல் போனது அயர்ன் பாக்ஸை. வீடியோவில் பார்த்தபடி முதல் ஒன்பது துண்டுகளைத் தைத்து, ஸ்டீம் வைத்து அழுத்தி, எல்லாத் தையலையும் அடர்ந்த நிறத்தின் பக்கமாகச் சாய்த்திருக்கிறார். பட்டில் தண்ணீர்ப் புள்ளிகள் விழுந்தன. ஜரிகைத் துண்டு அலை அலையாக இழுத்துக்கொண்டது. நான்கு தையல் சேரும் முனை மேடு கட்டிவிட்டது. சரி, மறுபக்கம் சாய்த்துப் பார்க்கலாம் என்று திருப்பினால், முதல் மடிப்பின் கோடு வெளிறித் தெரிகிறது. இன்னும் ஏழெட்டு அடி சேலை வெட்டாமல் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் சொல்லுங்கள், தையலை எப்போது அயர்ன் செய்ய வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறார். அந்த ஒன்பது துண்டு போனால் போகட்டும், மீதியைக் காப்பாற்றலாம்.

முதலில் ஒன்று. இணையத்தில் கிடைக்கும் குவில்ட் பாடங்களில் பெரும்பாலானவை பருத்திக்கானவை. அழுத்தமாக நெய்த, புதிய, ஒரே கனமுள்ள பருத்தித் துணி. அதில் ஸ்டீம் வைக்கலாம், கஞ்சி போடலாம், மடிப்பு பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மாற்றியும் மடிக்கலாம். பருத்தி மன்னிக்கும். பட்டு, அதிலும் நாற்பது ஐம்பது வருஷப் பட்டு, அப்படி இல்லை.

எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அது மடியும்

பட்டுப்புடவையை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி வையுங்கள் என்று ஆரணியிலோ காஞ்சிபுரத்திலோ புடவை வாங்கும்போதே சொல்லி அனுப்புவார்கள். காரணம் எளிது. ஓர் இழை ஒரே இடத்தில் மடங்கியே இருந்தால், அந்த இடத்தில்தான் முதலில் அறும். ஜரிகையில் இது இன்னும் மோசம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. உலோகத்தைக் கூர்மையாக மடித்தால் என்ன ஆகும் என்று ஒரு சாக்லேட் தாளை மடித்துப் பார்த்தாலே தெரியும்.

இப்போது குவில்டுக்கு வருவோம். இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிறோம். தையலுக்கு வெளியே கொஞ்சம் துணி நிற்கும், டெய்லர்கள் மார்ஜின் என்பார்களே, அது. அதை இஸ்திரியால் படிய வைக்கிறோம். அதாவது, எந்த மடிப்பு அம்மாவின் புடவையை பீரோவுக்குள் கொன்றதோ, அதே மடிப்பை ஒவ்வொரு தையலிலும் சூடு வைத்து நாமே போடுகிறோம்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. மார்ஜினை எந்தப் பக்கம் சாய்த்தால் எந்தத் துணி மடங்கும்?

கையில் இரண்டு துண்டு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்துவிட்டுப் பிரித்து விரியுங்கள். மார்ஜினை வலது பக்கம் சாய்த்தால், வலது பக்கப் பேப்பர்தான் தலைகீழாகத் திரும்பி மடங்குகிறது. இடது பக்கப் பேப்பர் மடங்காமல் நேராகப் போய் அதன் அடியில் படுத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் பிரித்து விட்டால் இரண்டுமே மடங்கும்.

இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பலவீனமான துணி நேராகப் படுக்க வேண்டும், வலுவான துணி மடிப்பை ஏற்க வேண்டும். ஜரிகைத் துண்டும் சாதாப் பட்டும் சேரும் இடத்தில் மார்ஜினைச் சாதாப் பட்டின் பக்கம் சாய்க்க வேண்டும். நாம் இயல்பாகச் செய்வது இதற்கு நேர்மாறு. ஜரிகை கனமாக இருக்கிறதே, அதற்கு அடியில் மறைத்துவிடலாம் என்று அந்தப் பக்கம் தள்ளுவோம். அக்காவின் ஜரிகை இழுத்துக்கொண்டதற்கு ஸ்டீமோடு இதுவும் சேர்ந்த காரணம்.

பட்டும் பட்டும் சேரும் இடம்? புதுத் துணியாக இருந்தால், பிளவுஸ் பிட்டில் மிச்சமானது, கடையில் வாங்கிய துண்டு என்றால், இரண்டு பக்கமும் பிரித்து விடுவது நல்லது. மேடு கட்டாது. வெளிர் நிறத் துண்டுக்கு அடியில் அரக்கு நிற மார்ஜின் நிழலாடாது, ஏனென்றால் அந்தந்த நிறத்தின் ஓரம் அந்தந்த நிறத்துக்கு அடியிலேயே இருக்கும். பிளவுஸ் தைக்கும் டெய்லர்கள் பிரின்சஸ் கட் ஜாயின்டைப் பிரித்து வைத்து அயர்ன் செய்வதும் இதே கணக்குதான்.

பழைய, விண்டுபோகிற பட்டு என்றால் பட்டையும் பட்டையும் நேராகச் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. நடுவில் ஒரு பருத்திப் பட்டி கொடுங்கள். ஒவ்வொரு பட்டுத் துண்டைச் சுற்றியும் ஓர் அங்குலப் பருத்திச் சட்டம், போட்டோவுக்கு ஃபிரேம் போட்ட மாதிரி. எல்லா மார்ஜினையும் பருத்தியின் பக்கமே சாய்த்துவிடலாம். அம்மாவின் பட்டு ஓர் இடத்திலும் மடங்காது. மடிப்பு, சூடு, தேய்மானம் எல்லாம் பருத்திக்குப் போகும். அடியில் போகும் பட்டின் நிறம் மேலே தெரியக்கூடாது என்பதால் பருத்தி கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் இருக்கட்டும்.

ஒரே புடவை மூன்று போர்வைக்குப் போதுமா என்ற கவலையும் இதில் தீர்ந்துவிடும். சட்டம் போட்டால் பட்டு குறைவாகத்தான் செலவாகும்.

அடர்ந்த நிறத்தின் பக்கம் என்ற விதி எங்கிருந்து வந்தது?

கையால் தைத்த காலத்தில் இருந்து. ஓட்டுத் தையலில் ஊசிக் குத்துக்கு நடுவே இடைவெளி இருக்கும். மார்ஜினைப் பிரித்து விட்டால் அந்த இடைவெளி வழியாக உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கும், தையலும் தாங்காது. ஒரு பக்கமாகச் சாய்த்தால் துணியே காவலுக்கு நிற்கும். சாய்ப்பதுதான் சாய்க்கிறோம், வெளியே நிழல் தெரியாமல் அடர்ந்த நிறத்தின் பக்கம் சாய்ப்போம் என்று ஆனது. ஐசக் சிங்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-ல். மெஷின் போடும் பூட்டுத் தையல் நெருக்கமானது, மார்ஜினைப் பிரித்து விட்டாலும் தாங்கும். காரணம் போன பிறகும் விதி மட்டும் நின்றுவிட்டது.

முழுக்கப் பயனில்லாத விதி என்றும் சொல்ல முடியாது. பருத்தியில், முதல் வரிசையை வலப்புறமும் அடுத்த வரிசையை இடப்புறமும் சாய்த்துவிட்டால், இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது தையல் மேடுகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டது மாதிரி உட்காரும். நான்கு முனையும் கச்சிதமாகச் சேரும். ஊசி குத்திப் பிடிக்கவே தேவையில்லை. பருத்தியில் பழகுகிறவர்கள் இதையே செய்யுங்கள்.

கையால் தைக்கப் போகிறீர்கள் என்றாலும் ஒரு பக்கம் சாய்ப்பதுதான் சரி. இன்னொரு இடத்திலும் பிரித்து விடுவது ஆகாது. கடைசியில் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது சிலர் சரியாகத் தையல் கோட்டின் மேலேயே ஓட்டுவார்கள். மார்ஜின் பிரிந்திருந்தால் அங்கே துணியே கிடையாது, ஊசி வெறும் நூலில் இறங்கும். பிரித்து விட்டிருந்தால் தையல் கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஓட்டுங்கள்.

எப்போது?

இதற்கு ஒரே விதிதான். ஒரு தையலின் குறுக்கே இன்னொரு தையல் போவதற்கு முன்னால், முதல் தையல் படிந்திருக்க வேண்டும். வரிசையை முழுசாகத் தைத்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக அயர்ன் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், குறுக்குத் தையலுக்கு அடியில் மாட்டிய மார்ஜின் பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் என்று முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எந்தச் சூடும் அதை நேராக்காது.

சரியாகப் படியாத தையல் அளவையும் தின்னும். தச்சர்கள் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு தையலில் அரை நூல் துணி மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாது. ஒரு வரிசையில் எட்டுத் துண்டு, ஏழு தையல். மூன்றரை நூல் போயிற்று, ஏறக்குறைய அரை அங்குலம். அடுத்த வரிசையில் ஒழுங்காக அழுத்தியிருந்தால் அது அரை அங்குலம் நீளமாக நிற்கும். இழுத்துப் பிடித்துத் தைப்போம், பட்டு கிழியும். குவில்ட் கோணலாக வருகிறது என்று மெஷினைத் திட்டுபவர்கள் ஒருமுறை மார்ஜினைத் திருப்பிப் பாருங்கள்.

ஆனால், ஒவ்வொரு தையலுக்கும் ஓடிப்போய்ச் சூடு வைக்க வேண்டுமா? பட்டுக்கு அது நல்லதில்லை. இங்கேதான் விரல் உதவும். தைத்ததும் விரித்து வைத்து, கட்டை விரலாலோ மரக்கரண்டியின் காம்பாலோ தையல் கோட்டின் மேல் ஒரு அழுத்து. அதிலேயே மார்ஜின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பழகிக்கொள்ளும். நகத்தால் கீறாதீர்கள், பட்டு இழை நகரும். குறுக்குத் தையல் போடுவதற்கு முன் மட்டும் சூடு, அதுவும் ஒரே ஒரு முறை.

சூடே வைக்காமல் குவில்ட் தைக்கிறவர்களும் நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஹளியாள், எல்லாபுரம் பக்கம் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பழைய துணிகளை வெட்டி, அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை விரலால் மடித்து அமுக்கி உடனே ஓட்டுத் தையல் போட்டபடி சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மடிப்பதும் தைப்பதும் ஒரே நொடியில் நடப்பதால் இஸ்திரிக்கு வேலையே இல்லை. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சின்னத் துணியைப் பூ மாதிரி வைத்துத் தைத்து முடிப்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை நிர்வாணமாக இருக்கிறது என்பார்களாம். வீட்டில் பழைய காட்டன் புடவை குவிந்து கிடக்கிறவர்கள் கவந்தியில் தொடங்கலாம். மெஷின்கூட வேண்டாம்.

கொரியாவில் கதை வேறு. அங்கே ஹன்போக் உடை தைத்து மிஞ்சிய பட்டுத் துண்டுகளைச் சேர்த்து ஜோகக்போ என்ற விரிப்புத் துணி தைப்பார்கள். சாப்பாட்டை மூட, பரிசுப் பொருளைக் கட்டிக் கொடுக்க. கே-டிராமா பார்க்கிற கூட்டம் கண்டிப்பாகக் கவனித்திருக்கும். உள்ளே பஞ்சில்லாத ஒற்றை அடுக்கு என்பதால், வெளிச்சத்தில் பிடித்தால் தையல் கோடுகள் ஜன்னல் கம்பி மாதிரி தெரியும். ஒரு கோடு பிசகினாலும் அம்பலம். அதனால் தையல் ஓரத்தை மட்டும் அழுத்த அவர்களிடம் தனிக் கருவி இருந்தது. பெயர் இன்து. நீளக் கைப்பிடி, விரல் அகல முனை. கரி அடுப்பில் செருகிச் சூடாக்கிக்கொள்வார்கள். முழுத் துணிக்கு வேறு இஸ்திரி. தையல் அறையில் இருக்கும் ஏழு கருவிகள் யார் பெரியவர் என்று சண்டை போடுவதாக ஒரு பழைய கொரியக் கதை உண்டு. ஊசி, நூல், கத்தரி, அளவுகோல், விரலுறை ஆகிய ஐந்தோடு, மீதி இரண்டும் இஸ்திரிகள். ஏழில் இரண்டு!

நம்மிடம் இன்து இல்லை. ஆனால் அயர்ன் பாக்ஸின் மூக்கு இருக்கிறது. பட்டுக் குவில்டுக்கு அந்த முனை மட்டும் போதும். தையல் கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு விரல் அகலத்தைத் தவிர வேறு எங்கும் சூடு படத் தேவையில்லை. (ஹேர் ஸ்ட்ரெய்ட்னரால் தையலை அமுக்கும் ரீல்ஸ் ஒன்று சுற்றுகிறது. பருத்திக்கு வேண்டுமானால் விளையாடிப் பாருங்கள். பட்டுக்கு அந்தச் சூடு அதிகம்.)

எப்படி?

இஸ்திரி என்ற சொல்லே இழுத்து நீட்டு என்று பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சட்டைக்கு அது சரி. குவில்டுக்கு அதைச் செய்யவே கூடாது. பெட்டியை வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தள்ளினால் துணி நீளும். நேர் இழையில் வெட்டிய சதுரம் கொஞ்சம் தாங்கும். முக்கோணமாக வெட்டியிருந்தால், அதன் குறுக்கு ஓரம் ரப்பர் மாதிரி இழுபடும். ஒரே தள்ளில் அலை அலையாகிவிடும். முதல் முறையாகப் பழைய பட்டில் தைக்கிறவர்கள் முக்கோண டிசைன் பக்கமே போகாதீர்கள். சதுரமும் செவ்வகமும் போதும், பட்டின் நிறமே அழகு.

தைத்து முடித்ததும் விரிக்காமல், இரண்டு துண்டும் முகத்தோடு முகம் வைத்தபடியே தையல் மேல் பெட்டியை ஒருமுறை வையுங்கள். நூல் துணிக்குள் உட்காரும், சுருக்கம் போகும். பலர் விட்டுவிடுகிற படி இது. ஆறவிட்டு, பிறகு விரித்து, மார்ஜினை விரலால் வேண்டிய பக்கம் தள்ளிவிட்டு, பின்பக்கமிருந்து மூக்கால் அழுத்துங்கள். மூன்று நொடி. எடுத்துவிட்டு அப்படியே ஆற விடுங்கள். துணி சூட்டில் இளகி, ஆறும்போதுதான் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே தூக்கி மடியில் போட்டுக்கொண்டால் பாதி மடிப்பு கலைந்துவிடும். பழைய டெய்லர் கடைகளில் அயர்ன் செய்த ஜாயின்டின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுவார்கள். வீட்டில் சப்பாத்திப் பலகை போதும்.

சூடு எவ்வளவு? துணியின் லேபிளிலும் பெட்டியிலும் புள்ளிகள் போட்டிருக்கும். ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. புதுப் பட்டுக்கு இரண்டு புள்ளிக்குக் கீழே. பழைய பட்டுக்கு ஒரு புள்ளியில் தொடங்குங்கள். ஸ்டீம் வேண்டாம், தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம். பட்டில் ஒரு சொட்டு விழுந்தால் அதன் விளிம்பு வட்டமாகக் காய்ந்து நிற்கும். பெட்டிக்கும் பட்டுக்கும் நடுவே நைந்த வெள்ளை வேட்டித் துண்டு ஒன்று. ஜரிகை இருந்தால் அடியில் டர்க்கி டவல் விரித்து, ஜரிகை முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். புடைப்பு நசுங்காது.

ஜரிகை அசலா என்று தெரியாவிட்டால் முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். நடுவில் இருக்கும் பட்டு, முடி எரிகிற வாசனையோடு கருகி, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். உருகிக் கெட்டியான மணி மாதிரி திரண்டால் உள்ளே பாலியஸ்டர். அந்த ஜரிகை சூடு பட்டால் சுருங்கிவிடும், அதற்குக் கட்டாயம் ஒரு புள்ளிதான். இழையை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துச் செய்யுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்து வாங்கலாமா என்று கேட்க வருகிறீர்கள். அந்த அண்ணன்கள் கைப்பழக்கத்தில் புடவையைப் பிரமாதமாகச் செய்வார்கள். ஆனால் கரிப்பெட்டியில் புள்ளி கிடையாது, கனமோ ஐந்தாறு கிலோ, தள்ளித்தான் ஓட்ட வேண்டும். குவில்ட் துண்டுக்கு வேண்டாம்.

கஞ்சி? பருத்திச் சட்டத்துக்குப் போடலாம். வெட்டவும் தைக்கவும் விறைப்பாக நிற்கும். அதற்கு முன் ஒருமுறை துவைத்துச் சுருக்கம் எடுத்துவிடுங்கள். பட்டில் கஞ்சி படவே வேண்டாம். பீரோவில் வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

அக்காவின் புடவைக்கு என் கணக்கு

மடிப்புக் கோடுகளை விட்டுவிட்டு வெட்டுங்கள். புடவையை வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தால், எங்கே இழை விட்டிருக்கிறது என்று தெரியும். சாக்பீஸால் அங்கே கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். நடுவில் கிடைக்கும் நல்ல இடம் மட்டும் போதும்.

வெட்டுவதற்கு முன்பே பட்டுக்கு அடியில் மெல்லிய மல் துணி ஒன்றை வைத்து, ஓரத்தில் கையால் பெரிய தையலாக ஓட்டி, இரண்டையும் ஒன்றாகவே வெட்டுங்கள். பட்டு ஓரம் பிரியாது, பாரத்தை மல் தாங்கும். 1880-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பட்டு, வெல்வெட் துண்டுகளைக் கோணல்மாணலாகச் சேர்த்த கிரேஸி குவில்ட் மோகம் இருந்தது. அதையும் அடித்துணி மேல்தான் தைத்தார்கள். பட்டுக்கு எடை கூட்ட அந்தக் காலத்தில் உலோக உப்பு ஏற்றியதால், இன்று மியூசியங்களில் அந்தப் பட்டு பொடிப்பொடியாக உதிர்கிறது. பல துண்டுகளில் அடித்துணி மட்டும் அப்படியே நிற்கிறது.

முடிந்த சதுரம் நான்கு அங்குலம் என்றால், மார்ஜினுக்குப் பக்கத்துக்கு மூன்று நூல் விட்டு நாலேமுக்கால் அங்குலமாக வெட்டுங்கள். பருத்தியில் கால் அங்குலம் போதும் என்பார்கள். பட்டு பிரியும் வேகத்துக்கு அது போதாது. பருத்திச் சட்டம் ஒண்ணேமுக்கால் அங்குல அகலத்தில் வெட்டினால், தைத்த பிறகு ஓர் அங்குலம் தெரியும். அதைவிட ஒல்லியாக வேண்டாம். இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் பட்டு மார்ஜின் மூன்று நூல், மூன்று நூல் என்று முக்கால் அங்குலம். ஓர் அங்குலச் சட்டத்துக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் படுக்கும். மெஷினில் தையல் நீளத்தை இரண்டு மில்லிமீட்டருக்கு இறக்குங்கள், ஊசி புதுசாக இருக்கட்டும்.

பட்டு, சட்டம், பட்டு, சட்டம் என்று ஒரு வரிசை தைத்து, விரலால் அமுக்கிக்கொண்டே போங்கள். வரிசை முடிந்ததும் எல்லா மார்ஜினையும் சட்டத்தின் பக்கம் தள்ளி ஒரே முறை சூடு. பிறகு நீளச் சட்டத்தை வரிசையோடு சேர்த்து, அந்த மார்ஜினும் சட்டத்தின் பக்கம். ஜரிகைக் கரையைத் தனித் துண்டாக வெட்டாமல், நீளவாக்கிலேயே உருவி, மூன்று குவில்டுக்கும் சுற்று ஓரமாக ஆளுக்கொரு பகுதி வைத்துக்கொள்ளலாம். முனையில் ஜரிகையை மடித்துத் திருப்பாதீர்கள். வெட்டி, பருத்தித் துண்டு கொடுத்து மூலையைச் சேருங்கள்.

தண்ணீர்ப் புள்ளி விழுந்த ஒன்பது துண்டைத் தையல் பிரிக்க வேண்டாம். பிரித்தால் ஊசி ஓட்டைகள்தான் மிஞ்சும். அப்படியே ஒரு மல் துணி மேல் வைத்துச் சுற்றித் தைத்து, புகைப்பட ஆல்பத்துக்கு உறையாகவோ சாமி விரிப்பாகவோ வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வாசகி, விண்டு போகாத, நல்ல நிலையில் இருக்கும் ஆரணிப் பட்டை குவில்டுக்காக வெட்டலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம்மா. கட்டுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

மேலடுக்கு தயாரானதும் அடுத்த சிக்கல் வரும்: நம்ம ஊர் வெயிலுக்கு நடுவில் பஞ்சு வைப்பதா, பழைய காட்டன் புடவையே போதுமா? அடுத்த வாரம் அதுதான். பட்டில் அயர்ன் வைத்து என்ன ஆயிற்று என்று இதற்குள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், படமும் சேர்த்து. மார்ஜின் தெரிய வேண்டும், பின்பக்கத்தையும் எடுங்கள்.